ஹாடர்பியின் மண்ணின் மைந்தன்

அந்த மெழுகுவர்த்தியைச் சற்று இப்பக்கம் நகர்த்துங்கள். விடியும்வரை மின்சாரம் வராது. பாலத்தருகே கம்பம் சாய்ந்துவிட்டதாம். வீட்டுக்குப் போகவேண்டியவர்கள் இப்போதே புறப்பட்டுவிடுவது நல்லது. நான் சொல்லப்போவதைக் கேட்டபின் ஹாடர்பிச் சாலையில் தனியாக நடக்க எவருக்கும் கால் எழாது.

இரவு மணி ஒன்றே முக்கால். மே மாதம். நிலா இல்லை. ஹாடர்பியிலிருந்து நம் வில்சிக்கு வரும் பள்ளச் சாலை... இருபுறமும் ஆள் உயரத்துக்கு மண்கரை. கரையின்மேல் முள்வேலி. வேலி முழுவதும் வெள்ளைப் பூ. அந்தப் பூவின் வாடை உங்களுக்குத் தெரியும். அதை வீட்டுக்குள் கொண்டுவரும் குழந்தையின் முதுகில் ஏன் அடி விழுகிறது என்பதும் தெரியும். தூரத்தில் பாதாம் போல மணக்கும். அருகில் போனால்... இரண்டு நாள் கிடந்த பிணம்.

அச்சாலையில் ஒரு சிறிய கார் வந்துகொண்டிருந்தது. பின்னிருக்கையில் பிரசவ வலியில் ஒரு பெண். முன்னிருக்கையில் அவளுடைய மாமனார், தொப்பி அணிந்து, கழுத்துப்பட்டை கட்டி, கூட்டத்துக்குப் போகிறவர் போல. காரை ஓட்டியவள் என் நண்பன் நெவிலின் சித்தி, ஐவி. இந்தச் சுற்றுவட்டாரத்தில் உள்ள எட்டு ஊர்களுக்கும் அவளே பிரசவ நர்ஸ். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேரை முதலில் தொட்டது அவள் கைதான். கற்பனை என்பது அறவே இல்லாத பெண்மணி. அவள் நெவிலிடம் சொன்னதை, நெவில் என்னிடம் சொன்னபடியே சொல்லுகிறேன்.

காரைச் சற்று அங்கேயே நிறுத்திவைப்போம். முதலில் அந்த ஊரைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் உங்களுக்குப் பேயின்மேல் கோபம் வரும். கோபம் பேயின்மேல் வரக்கூடாது.

ஹாடர்பியில் அப்போது நாற்பத்தொரு வீடுகள். ஒரு தேவாலயம், ஒரு குளம், குளத்தில் ஐந்து வாத்துகள். சிறந்த பராமரிப்புக்கான கிராமப் பரிசை ஒன்பது முறை வாங்கிய ஊர். பேருந்து நிறுத்தத்துக்குக் கூரை போட்டால் குளத்தின் அழகு கெடும் என்று தடுத்தார்கள். கிழவிகள் மழையில் நனைந்தே நின்றார்கள். பள்ளிக்கூடத்தை மூடியபோது ஒருவரும் அழவில்லை. இடைவேளையில் பிள்ளைகள் கத்துவது நின்றதே என்று நன்றிக் கடிதம் எழுதினார்கள். நாற்பதாண்டுகள் அவ்வூருக்கு ரொட்டி சுட்டுப் போட்டவர் இறந்தபோது பாதிரியார் கல்லறையருகே நின்று, "வந்து சேர்ந்தவர்தான், ஆனாலும் நல்லவர்" என்றார். மூன்று மைல் தள்ளியிருந்து வந்து சேர்ந்தவர்!

"எங்க அத்தை அங்க முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணினாங்க," என்கிறான் நம் ஸ்டான். "கடைசி வரைக்கும் 'அந்த வில்சிக்காரி'தான். பேரச் சொல்லி ஒருத்தன் கூப்பிட்டதில்ல."

கேட்டீர்களா? அதுதான் ஊர். எண்ணூறு ஆண்டுச் சரித்திரம் என்று பெருமை வேறு. ஒரு போர் அங்கே நடந்ததில்லை. நடக்கும்படி அங்கே எதுவும் இருந்ததில்லை. ஒரு புனிதர் பிறந்ததில்லை. எண்ணூறு ஆண்டுகளில் அவர்கள் செய்த ஒரே காரியம் எல்லையைக் காத்தது. ஆண்டுதோறும் மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, பாதிரியார் முன்னே செல்ல, ஊரார் கையில் வில்லோ மரக் கம்புகளோடு எல்லையைச் சுற்றி வருவார்கள். எல்லைக்கல் ஒவ்வொன்றையும் கம்பால் அடிப்பார்கள். நம் ஊரிலும் அவ்வழக்கம் உண்டு. நாம் பாதியிலேயே பியர் குடிக்க உட்கார்ந்துவிடுவோம். அவர்கள் உட்காரமாட்டார்கள். கல்லை அடிக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டும்... ஏதோ அது அவர்களுக்குக் கெடுதல் செய்துவிட்டது போல அடிப்பார்கள்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு மே மாதம். எந்த ஊர் மண்ணில் ஒரு குழந்தை பிறக்கிறதோ அந்த ஊர்தான் அதற்குச் சோறு போடவேண்டும் என்பது அக்காலத்துச் சட்டம். திருமணமாகாத வேலைக்காரப் பெண் ஒருத்திக்கு ஹாடர்பியில் வலி கண்டது. ஊர்ச் சபையின் ஏழு பேர் லாந்தரும் கம்புமாக வந்தார்கள். அவளைப் பள்ளச் சாலை வழியே நடத்திக்கொண்டுவந்து, எல்லைக்கல்லுக்கு அப்பால் தள்ளினார்கள். அப்பால் இருந்தது யார்? வில்சிக்காரர்கள். நம்மவர்கள். நம்மவர்கள் அவளைத் திருப்பி அந்தப் பக்கம் தள்ளினார்கள். முகத்தைத் திருப்பாதே ஸ்டான், உன் முப்பாட்டனும் இருந்தான், என்னுடையவனும் இருந்தான். இப்படி நான்கு முறை. விடியும்போது அவள் அந்தக் கல்லின்மேலேயே குறுக்காகக் கிடந்தாள். குழந்தை வெளியே வரவேயில்லை. பிறகு குழியை எந்த ஊர் வெட்டுவது என்று ஒன்பது நாள் வழக்காடினார்கள்.

நாமாவது அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஹாடர்பிக்காரர்கள் தேவாலயச் சுவரில் கல்வெட்டு வைத்தார்கள். 'எல்லை காத்த எழுவர்' என்று தலைப்பு. முதல் பெயர் பிரஸ்வெல்.

காரின் முன்னிருக்கையில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாரே, அவர் எட்கர் பிரஸ்வெல். அந்த வம்சம். ஊரின் சர்ச் வார்டன், அதாவது தேவாலயக் காரியங்களுக்குப் பொறுப்பாளர். விதை வியாபாரத்திலிருந்து ஓய்வு பெற்றபின், ஊர்ப் பெருமையை வளர்ப்பதே அவருக்குத் தொழிலாகிவிட்டது. அவருக்கு ஒரு கவலை இருந்தது. இப்போதெல்லாம் பிள்ளைகள் நகரத்து மருத்துவமனையில் பிறக்கின்றன. ஹாடர்பி எல்லைக்குள் குழந்தை பிறந்து அறுபத்தோராண்டுகள் ஆகியிருந்தன. எல்லை நடையில் முதல் கம்பை அவ்வூர் மண்ணில் பிறந்தவன்தான் தூக்கலாம். அப்படிப் பிறந்தவர்கள் ஊர் மன்றத்துப் பலகையில் பொன்னெழுத்தில் இருந்தார்கள். உயிரோடு இருந்தவர்கள் நால்வர், நால்வருமே கிழவர்கள். ஆகவே பேரன் வீட்டிலேயே பிறக்கவேண்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

மருமகளின் பெயர் ரோசலிண்ட். லீட்ஸ் நகரத்துப் பேருந்து ஓட்டுநரின் மகள். எட்கரின் மகன் கிளைவ் வடகடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை பார்த்தான். மாதத்துக்கு ஒருமுறை வருவான். மற்ற நாள்களில் அவள் அந்த வீட்டில் மாமனாரோடு. உணவு மேசையில், தேவாலய வாசலில், கடையில், எங்கும் ஒரே அறிமுகம்: "இது நம்ம கிளைவோட சம்சாரம். வெளியூருப் பொண்ணு."

குழந்தை வயிற்றில் தலைமேலாக இருந்தது. ஐவி அந்த வாரத் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தாள்.

"ஆஸ்பத்திரியிலதான் பாக்கணும், பெரியவரே. கால் முன்னால வருது. வீட்ல வெச்சுப் பாத்தா ரெண்டு உசுரும் போயிடும்."

"எங்க அம்மா என்னை இந்தக் கட்டில்லதான் பெத்தா, நர்ஸம்மா."

"உங்க அம்மாவுக்கு நீங்க தலைகீழா வரல. வளந்தப்புறம்தான் அப்படி ஆயிட்டீங்க."

அவர் சிரிக்கவில்லை. ஹாடர்பியில் சிரிப்புக்கு அனுமதி வாங்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு ரோசலிண்டுக்கு வலி கண்டது. மறுநாள் காலையில் எல்லை நடை. எட்கர் ஐவிக்குத் தொலைபேசியில் சொன்னது இரவு பதினோரு மணிக்கு. அவள் வந்து பார்த்தவுடன் ஆம்புலன்சுக்குச் சொல்லும்படி கேட்டாள். அவர் கூடத்துக்குப் போய்த் திரும்பி வந்து, "சொல்லியாச்சு" என்றார். பன்னிரண்டரை ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. படுக்கையில் இரத்தம் பரவத் தொடங்கியது. ஐவி தானே போய்த் தொலைபேசியை எடுத்தாள். ஒலியே இல்லை. கம்பி சுவரிலிருந்து பிடுங்கப்பட்டிருந்தது. அவர் பின்னாலேயே வந்து நின்றார்.

"விடிஞ்சா எல்லாம் சரியாயிடும், நர்ஸம்மா. நாலஞ்சு மணி நேரந்தான்."

ஐவி அவரைக் கடந்து அறைக்குத் திரும்பினாள். ரோசலிண்டைத் தூக்கித் தோளில் சாய்த்து, படியிறக்கி, தன் காரின் பின்னிருக்கையில் கிடத்தினாள். எட்கர் முன்னிருக்கையில் தானே ஏறிக்கொண்டார். தொப்பியைத் தேடி எடுத்து அணிந்துகொண்டுதான் ஏறினார்.

இப்போது மணி ஒன்றே முக்கால். கார் அந்தப் பள்ளச் சாலையில்.

எல்லைக்கல்லுக்கு இருபதடி முன்னால் எஞ்சின் நின்றது. இருமவில்லை, திணறவில்லை. நின்றது. முன்விளக்கும் அணைந்தது.

ஐவி சாவியைத் திருகினாள். ஒன்றுமில்லை... மறுபடியும் திருகினாள். ஒன்றுமில்லை. பின்னால் ரோசலிண்ட் பற்களைக் கடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அவ்வளவுதான் சத்தம்.

பிறகு இன்னொன்று கேட்டது. டக்... டக்... டக்... கம்பால் கல்லை அடிக்கும் ஓசை.

முன்னால், சாலையின் குறுக்கே, மஞ்சளாக ஒரு வெளிச்சம் தோன்றியது. பிறகு இரண்டு. ஏழு லாந்தர்கள். காற்று இல்லை, ஆனால் ஏழின் கைப்பிடிகளும் கிறீச் கிறீச் என்று ஆடின. கொழுப்பு மெழுகு கருகும் நாற்றம், ஈரக் கம்பளியின் நாற்றம், அவற்றோடு அந்தப் பூவின் நாற்றம்.

எட்கருக்குப் பயமில்லை. அதுதான் வேடிக்கை. அவர் முகம் மலர்ந்தது.

"நம்ம ஆளுங்க," என்றார். "நடைக்கு முன்னாடியே வந்துட்டாங்க, பாருங்க. என்ன ஒரு சிரத்தை!"

"மணி ரெண்டு ஆகப்போகுது, பெரியவரே."

"ஹாடர்பிக்காரன்னா அப்படித்தான்."

அவர் கதவைத் திறந்து இறங்கினார். அந்த ஏழு பேரும் அவரைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு... ஏழு பேரும் தொப்பியைத் தொட்டு வணங்கினார்கள். அறிந்தவரை வணங்குவது போல. அதிகாரியை வணங்குவது போல. ஐவி சொல்லுவாள்: அவர்கள் கோட்டு பழையது என்பதையோ, அவர்கள் காலடியில் நிழல் விழவில்லை என்பதையோ கண்டபோது அவளுக்கு உடல் நடுங்கவில்லையாம். அந்த வணக்கத்தைக் கண்டபோதுதான் நடுங்கியதாம்.

அவர்களில் முன்னால் நின்றவன் காரருகே வந்தான். லாந்தரைத் தூக்கிப் பின்கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான். ரோசலிண்டின் வயிற்றைப் பார்த்தான். பிறகு எட்கர் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"நம்ம ஊரா?"

எட்கர் நெஞ்சை நிமிர்த்தினார். "ஆமா. பிரஸ்வெல் குடும்பம்."

அவர்கள் தலையசைத்தார்கள். ஏழு பேரும் வந்து காரின்மேல் கைவைத்தார்கள். கார் நகர்ந்தது... பின்னால். சக்கரம் சுழலவில்லை. ஐவி பிரேக்கை அழுத்தி மிதித்திருந்தாள். ஆனாலும் கார், சாலையில் வழுக்கிக்கொண்டு, மேட்டில், ஹாடர்பியை நோக்கிப் பின்னால் ஏறியது. ஊராளை ஊருக்குள் கொண்டுபோகிறார்கள்.

அப்போதுதான் ஐவிக்கு விளங்கியது. அவள் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கத்தினாள்.

"இல்லன்னு சொல்லுங்க! வெளியூருன்னு சொல்லுங்க, தள்ளி விட்டுருவாங்க! பெரியவரே, அந்தக் கல்லத் தாண்டினா பத்து நிமிஷத்துல ஆஸ்பத்திரி!"

எட்கர் அசையவில்லை. கார் அவரைவிட்டுப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. ரோசலிண்ட் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவள் குரல் மெலிந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்ததாம்.

"மாமா... ஒண்ணரை வருஷமா தெனம் சொன்னதுதானே. கடையில சொன்னீங்க, சர்ச்சுல சொன்னீங்க, என் அப்பாகிட்டயே சொன்னீங்க. இன்னிக்கு ஒரே ஒரு தடவ சொல்லக்கூடாதா? நான் உங்க ஊரு இல்ல மாமா. சொல்லிடுங்க. கோவிச்சுக்க மாட்டேன்."

கார் நின்றது. ஏழு பேரும் கையை எடுக்காமல், முகத்தை மட்டும் எட்கர் பக்கம் திருப்பிக் காத்திருந்தார்கள்.

வேறு எந்த மனிதனாக இருந்தாலும் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டிருப்பான். திருடன் சொல்லியிருப்பான். குடிகாரன் சொல்லியிருப்பான். எட்கர் பிரஸ்வெல் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கழுத்துப்பட்டையின் முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கூட்டத்தில் திருத்தம் கொண்டுவருகிறவர் போலத் தொண்டையைச் செருமினார். அந்தத் தொண்டைச் செருமலை நினைத்தால் இன்றைக்கும் காறித் துப்பத் தோன்றுகிறது என்பாள் ஐவி.

"பொம்பள வெளியூரு," என்றார். "புள்ள நம்ம ஊரு."

ஏழு பேரும் தொப்பியைத் தொட்டார்கள்.

கார் முன்னால் பாய்ந்தது. மண்கரை இருபுறமும் ஓடியது. கல் வந்தது... கடந்தது. கடக்கும் அந்த நொடியில் ரோசலிண்ட் ஒரு முறை அலறினாள். பிறகு அலறல் பாதியில் அறுந்தது. எஞ்சின் தானாகவே உயிர்பெற்றது. முன்விளக்கு எரிந்தது.

அதன் பிறகுதான் அந்த அழுகை கேட்டது. பிறந்த குழந்தையின் முதல் அழுகை. ஐவி ஆயிரம் முறை கேட்ட சத்தம். அது காருக்குள்ளிருந்து வரவில்லை. பின்னாலிருந்து வந்தது. கல்லுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஏழு லாந்தர்களும் ஹாடர்பியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. அவர்களில் ஒருவன் கோட்டுக்குள் எதையோ அணைத்துப் பிடித்திருந்தான். எட்கர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, சாலையோரம் ஒதுங்கி, அவர்களுக்கு வழிவிட்டு நின்றார்.

இருக்கையில் ரோசலிண்டின் வயிறு தட்டையாக இருந்தது. இரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. திரும்பிப் போனால் இவள் போய்விடுவாள். ஐவி ஒரு நொடி யோசித்தாள். ஒரே நொடி. அந்த ஒரு நொடியை அவள் தன் வாழ்நாள் முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தாள் என்பான் நெவில். காரை மருத்துவமனைக்கு ஓட்டினாள்.

ரோசலிண்ட் பிழைத்தாள். பிரசவம் ஆகியிருக்கிறது என்றார்கள் மருத்துவர்கள். குழந்தை எங்கே என்றார்கள். காவல்துறையினர் நாய்களோடு வந்து பள்ளச் சாலையின் இரு கரைகளையும் ஆறு வாரம் கிளறினார்கள். ஐவியை நான்கு முறை அழைத்து விசாரித்தார்கள். எட்கரையும் கேட்டார்கள்.

"பேரப்புள்ள எங்க சார்?"

"ஊர்லதான்."

"ஊர்ல எங்க?"

"ஊர்லதான்னு சொல்றேனே."

கண்ணியமான மனிதர், அதிர்ச்சியில் புத்தி தடுமாறியிருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்கள். கண்ணியமான மனிதர்! அந்த இரவு விடிந்ததும் அவர் என்ன செய்தார் தெரியுமா? எல்லை நடைக்குப் போனார். முதல் கம்பைத் தூக்கிக்கொண்டு போனார். அந்தக் கல்லையும் அடித்தார்.

ஊர் என்ன செய்தது? அதைக் கேளுங்கள். அடுத்த மாதம் கூட்டம் போட்டார்கள். மன்றத்துப் பலகையில் பெயர் சேர்க்கலாமா என்பது பொருள். குழந்தை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறந்த இடம் எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்பதுதான் இரண்டு மணி நேர விவாதம். கடைசியில் மூவர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போய், சாலையில் இருந்த இரத்தக் கறைக்கும் கல்லுக்கும் உள்ள தூரத்தை அளந்தார்கள். ஓரடி எட்டு அங்குலம், உட்புறம். திருப்தியோடு திரும்பினார்கள். பலகையில் பொன்னெழுத்தில் எழுதினார்கள்: 'பிரஸ்வெல், ஆண்.' ஆண் என்று எவர் பார்த்தார்? அதையும் ஒருவரும் கேட்கவில்லை.

கிளைவ் கடலிலிருந்து வந்தான். மனைவியை அழைத்துக்கொண்டு லீட்ஸுக்குப் போய்விட்டான். அதன்பின் அவனுக்கு அந்த ஊர் இல்லை. ரோசலிண்ட் மட்டும் ஆண்டுதோறும் மே மாதம் ஐவிக்குத் தொலைபேசி செய்வாள். ஒரே கேள்வி.

"அவர் சொன்னாரா சிஸ்டர்?"

ஏனென்றால் இருவருக்கும் தெரிந்திருந்தது. 'நம்ம ஊர்' என்ற ஒரு சொல்லால் பிடித்துவைத்ததை, 'நம்ம ஊர் இல்லை' என்ற ஒரு சொல்லால்தான் விடமுடியும். அதையும் ஊரின் வார்டன் அந்தக் கல்லருகே நின்று சொல்லவேண்டும். ஐவி ஆண்டுதோறும் எட்கரிடம் போய் மன்றாடினாள். அவர் தேநீர்கூடக் கொடுக்காமல், வாசலிலேயே நிறுத்திப் பதில் சொல்லுவார்.

"அவன் நல்லா இருக்கான், நர்ஸம்மா."

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல. ஷூ தேயுதே."

எல்லை நடைக்கு முந்தைய மாலை, எட்கர் நகரத்துக் கடையில் ஒரு ஜோடி காலணி வாங்கி, எல்லைக்கல்லின் உட்புறத்தில், வேலியடியில் உள்ள பொந்தில் வைத்துவிட்டு வருவார். முதல் ஆண்டு கம்பளி நூலில் பின்னியது. அடுத்த ஆண்டு மெல்லிய தோல். பிறகு ஒவ்வோர் ஆண்டும் ஓர் அளவு பெரிது. பதினோராண்டுகள். அதைத் தவிர அந்தப் பிள்ளைக்கு ஹாடர்பி எதுவும் செய்யவில்லை.

பன்னிரண்டாம் ஆண்டு மார்ச்சில் எட்கர் இறந்தார். புது வார்டன் திருமதி யாக்ஸ்லி. ஐவி அவளிடமும் போனாள். யாக்ஸ்லி மாடத்தில் பூந்தொட்டிகளை வரிசைப்படுத்திக்கொண்டே சொன்னாள்.

"பேய் பிசாசெல்லாம் நாங்க நம்பறதில்ல, சிஸ்டர். படிச்சவங்க நீங்க போய் இப்படி..."

"நம்ப வேண்டாம்மா. நம்பாதவங்களுக்கு இதுல என்ன போகுது? கல்லுகிட்ட வந்து, 'இவன் எங்க ஊரு இல்ல, போகலாம்'னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. நான் கார்ல கூட்டிட்டுப் போய்க் கொண்டாந்து விட்டுடறேன். பெத்தவ பன்னெண்டு வருஷமா காத்துட்டிருக்கா."

யாக்ஸ்லி ஒரு தொட்டியைச் சற்று இடப்புறம் திருப்பினாள். எட்டிநின்று பார்த்தாள். மறுபடியும் வலப்புறம் திருப்பினாள்.

"அந்த நாலு பெருசுங்களும் போயாச்சு சிஸ்டர். இப்ப பலகையில இருக்கறதுல உசுரோட இருக்கறது அவன் ஒருத்தன்தான். அவனையும் விட்டுட்டா, இந்த மண்ணுல பொறந்தவன்னு சொல்லிக்க எங்களுக்கு யாரு இருக்கா? நீங்களே சொல்லுங்க, நியாயமா?"

பேயை நம்பாதவள். ஆனால் விட்டுக்கொடுக்க மனமில்லாதவள். ஹாடர்பியை இதைவிடச் சுருக்கமாக எவரும் எழுதமுடியாது.

ஐவி எழுந்தாள். வாசல்வரை வந்துவிட்டாள். யாக்ஸ்லி பின்னாலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள்.

"சிஸ்டர், அந்தக் கல்லுகிட்ட ஏதோ பழைய ஷூவெல்லாம் கெடக்காமே? நாளைக்கு எடுத்து எரிச்சுடச் சொல்லியிருக்கேன். வியாழக்கெழம கிராமப் பரிசுக்கு நடுவருங்க வர்றாங்க."

அன்று மாலையே ஐவி ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு பள்ளச் சாலைக்குப் போனாள். எரிக்கவிடக்கூடாது, லீட்ஸுக்காவது அனுப்பிவிடலாம் என்று. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பூ பூத்திருந்தது. வாடை வீசியது. பறவைச் சத்தம் எதுவும் இல்லை.

வேலியடியில் குனிந்து பொந்தைத் தேடவேண்டிய தேவை இருக்கவில்லை. பொந்து காலியாக இருந்தது. கல்லின் ஓரத்தில், எல்லைக்கோட்டை ஒட்டி, பதினொரு ஜோடியும் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையாக நின்றன. எல்லாமே வில்சியைப் பார்த்தபடி. சாலையைப் பார்த்தபடி.

அவள் முழந்தாளிட்டு முதல் ஜோடியை எடுத்தாள். கம்பளி. குதிகால் வாங்கிய நாள் போலவே இருந்தது. விரல் நுனியில் மட்டும் நூல் பிரிந்திருந்தது. இரண்டாவது ஜோடி. குதிகால் புதிது; நுனியில் தோல் தேய்ந்து ஓட்டை. மூன்றாவது அப்படியே. நான்காவதும். எந்த ஜோடியிலும் குதிகால் தரையைத் தொட்ட அடையாளமே இல்லை. நுனி மட்டும். நுனி மட்டும்... குதிகாலைத் தூக்கிக்கொண்டு, ஒரே இடத்தில் நின்று, பதினோராண்டுகளாக எட்டிப் பார்த்தால் எப்படித் தேயுமோ அப்படி.

பத்து ஜோடிகளைச் சாக்கில் போட்டாள். இருட்டத் தொடங்கியது.

பதினோராவது ஜோடி, எட்கர் கடைசியாக வாங்கிவைத்தது. இந்த ஆண்டு புதியது வைக்க ஆளில்லை. அதன் பின்பக்கம் இரண்டிலும் கூரான கல்லால் கிழிக்கப்பட்டிருந்தது. பாதம் வளர்ந்துவிட்டது, காலணி போதவில்லை. நுனி முழுவதும் பிய்ந்து, உள்ளட்டை தெரிந்தது. ஐவி இடது காலணியை மெல்லக் கையில் எடுத்தாள். மண்ணைத் தட்டலாம் என்று உள்ளே கையை விட்டாள்.

கதகதப்பாக இருந்தது.